தீராத பாட்டில்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது நடுவில் எழுந்து போய்விட்டு வந்து கேட்கிற கதை இல்லை. மனசு கொஞ்சம் கனக்கும். கனத்தால் என் மேல் சாய்ந்துகொள்ளுங்கள். நான் எங்கே போய்விடப் போகிறேன்?

போன வாரம் சலவை நிலையத்து மருமகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததோடு விட்டேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பெரிய சலவை நிலையம் அது. நடத்துகிறவள் மாமியார். பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன் அவளுடைய ஒரே மகன். மடிக்கிற மேசையில் நிற்கிறவள் அவன் மனைவி.

பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் உண்டாக்கிய மூன்று கருக்களில் இரண்டை வயிற்றில் வைத்தார்கள். இரண்டும் ஒட்டவில்லை. ஒன்றே ஒன்று உறைபெட்டியில் காத்திருக்கிறது. அதை இந்த மாதம் வைப்பதாகப் பேச்சு. அதற்கு முன் டாக்டர், கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்.

"ரிசல்ட் வந்திருக்கு. நேர்ல வாங்க" என்றது போன்.

நல்ல செய்தியென்றால் போனிலேயே சொல்லியிருப்பார்கள். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை அவள் மேசையில்தான் நின்றாள். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நிலையத்தில் எல்லோரும் மடிப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் உதறி, நெருங்கி, மூலையோடு மூலை சேர்த்து, விலகி, மறுபடியும் நெருங்க வேண்டும்.

"தங்கச்சி, இழுத்துப் பிடி. கை இங்க தொங்குது, மனசு எங்கயோ நிக்குது."

"இங்கதான்க்கா இருக்கேன்."

"எங்க இருக்க? நாலு மூலையும் நாலு பக்கம் பாத்துச் சிரிக்குது."

மாமியார் வந்தாள். அடுக்கிலிருந்து ஒரு விரிப்பை உருவி மூக்கருகே கொண்டுபோனாள்.

"கடைசி மெஷின்ல வந்தது. அலசு பத்தல. திருப்பிப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மடிப்பு அக்கா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த மூக்குக்குத் தனியா சம்பளம் போடணும். நம்மள்ல யாரு காலையில குளிக்காம வந்தோம்னுகூடச் சொல்லிடும்."

மருமகள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பாய்லர் அறையின் கதவுக்கு வெளியே, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் புருஷன் நின்றான். அவன் அதிகம் பேசமாட்டான். அவனுக்குப் பேச வராது, நிரப்ப வரும். அந்த நிலையத்தில் எந்தப் பாட்டிலும் குப்பைக்குப் போனதில்லை. காலியானால் சோப்பும் கிருமி மருந்தும் இருக்கிற டிரம்களிலிருந்து நிரப்பி அதே இடத்தில் வைப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். பாத்திரம் தேய்ப்பது, தரை துடைப்பது, கை கழுவுவது என்று எது குறைந்தாலும், வார விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் புனலோடு வந்து தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டுப் போவான். "உனக்கு எதுவும் தீரவே விடமாட்டேன்" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னான். அவன் அவளிடம் சொன்ன பெரிய பேச்சு அதுதான்.

"நீங்களும் வந்திருக்கலாம்" என்றாள்.

"மாத்தி நிக்க வேண்டிய ஆள் வரல. நெருப்பை விட்டுட்டு எப்படி வரது? அம்மா வரட்டும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எந்தத் தேதின்னு கேட்டுட்டு வா" என்றான்.

தேதி சொல்வார்கள் என்று அவன் நம்பினான், பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரமெல்லாம் மாமியார் சும்மா இருக்கவில்லை. பரிசோதனைக் கட்டிலின் விரிப்பு நுனியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"நம்ம துணிதான். பாரு, ஒரு பொட்டுக் கறை இருக்கா?"

"அத்தை, யாராவது பாக்கப்போறாங்க."

"பாக்கட்டுமே. நம்ம வேலை."

டாக்டர் பெண்தான். களைத்த முகம். சுற்றி வளைக்கவில்லை.

"கர்ப்பப்பையோட உள்சுவர்ல அழற்சி இருக்கு. ரொம்ப நாளா இருக்கற மாதிரி தெரியுது."

"அவ ஒரு நாள்கூடப் படுத்ததில்லையே, டாக்டரம்மா" என்றாள் மாமியார்.

"படுக்க வைக்காதும்மா. இது காய்ச்சல் வராம, பெரிசா வலிக்காம, உள்ளேயே கனன்னுட்டு இருக்கும். பல பேருக்கு இருக்கறதே தெரியாது."

"கிருமியா?"

"பெரும்பாலும் கிருமிதான். ஆனா எல்லாக் கிருமியும் எதிரி இல்ல. பொம்பளைங்க உடம்புல, கீழ் வழியில, நல்ல கிருமிங்க குடியிருக்கு. அதுங்க ஒரு புளிப்பை உண்டாக்கி வெச்சு, வேண்டாததை உள்ள விடாம பாத்துக்கும். அதுங்க செத்துட்டா வாசல்ல ஆள் இல்ல. கண்டதும் மேல ஏறிடும், கர்ப்பப்பை வரைக்கும்."

மருமகள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏறினா, கரு ஒட்டாதா?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கரு பாதி உங்களோடது, பாதி உங்க வீட்டுக்காரரோடது. அந்தப் பாதி உங்க உடம்புக்கு அந்நியம். ஆனாலும் நல்லா இருக்கற கர்ப்பப்பையில, உடம்போட காவல் அணுக்கள் அதை விரட்டாது. ஒதுங்கி இடம் விடும். வேர் பிடிக்கறதுக்குக்கூட ஒத்தாசை பண்ணும். உள்ள கிருமியோட சண்டை நடந்துட்டே இருந்தா, அந்தக் காவல் கோவத்துல இருக்கும். அப்போ அதுக்கு விருந்தாளியும் ஒண்ணுதான், திருடனும் ஒண்ணுதான்."

டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். உள்ள எதையாவது விட்டுக் கழுவறீங்களா?"

மருமகள் தலை குனிந்தாள். பதில் மாமியாரிடமிருந்து வந்தது. அதில் பெருமை இருந்தது, கண்ணுகளா. அதுதான் கொடுமை.

"அதெல்லாம் சுத்தமாத்தான் வெச்சிருக்கா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். முதல் கரு வெக்கறதுக்கு முன்னாடியிருந்தே, கிருமி மருந்தை வெந்நீர்ல கலந்து, பீச்சுக்குழல்ல விட்டு, தினமும். நாங்க ஆஸ்பத்திரித் துணியே வெளுக்கறவங்க, டாக்டரம்மா. எங்களுக்குச் சுத்தம் சொல்லித் தரணுமா?"

டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"இன்னையோட நிறுத்திடுங்க" என்றார். "வெளியில வெறும் தண்ணி போதும். உள்ள எதுவுமே கூடாது. அந்த வாசல்ல காவலுக்கு இருந்ததை எல்லாம் நீங்களே கழுவி விட்டிருக்கீங்க." மருமகளிடம் திரும்பினார். "எரிச்சல் இருந்துதா?"

"முதல்ல இல்ல. அப்புறம் எரிய ஆரம்பிச்சுது. இப்போ ரொம்ப... எரிஞ்சா கிருமி சாகுதுன்னு வேலை பாக்கற இடத்துல சொல்லுவாங்க. கையில பட்டா அப்படித்தான் எரியும். அதான் பொறுத்துக்கிட்டேன்."

"எரியாதே?" மாமியார் குழம்பிப்போனாள். "மருந்துக்கடையில கேட்டு, எரியாத வகையா வாங்கினேன். என் கையில ஊத்திப் பாத்துட்டுத்தானே குடுத்தேன்?"

"எரியாததும் தப்புதாம்மா" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

அப்போதுதான் மருமகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"முன்னாடி வெச்ச ரெண்டும் இதனாலதான் போச்சா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கருவிலேயே கோளாறு இருந்திருக்கலாம். இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இதைப்பத்தி நாங்களே இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்கோம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆனா அந்தக் கடைசி ஒண்ணை நான் இப்போ வெக்க மாட்டேன். எரியற வீட்டுக்குள்ள யாரு தொட்டில் கட்டுவாங்க? ரெண்டு வாரம் மாத்திரை. அப்புறம் மறுபடியும் ஒரு துணுக்கு எடுத்துப் பாப்போம்."

"ஆறலேன்னா?"

"வேற மருந்து."

"அதுக்கும் ஆறலேன்னா?"

"அதை அப்போ பேசலாம்மா."

திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரைப் பை மருமகளின் மடியில் இருந்தது. பாதி தூரம் வந்தபிறகு மாமியார் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"இவனுக்குப் பின்னால எனக்கு ஒண்ணு பொறந்துது. பொண்ணு. பேர் வெக்கறதுக்குள்ள போயிடுச்சு. கிருமி ஏறிடுச்சுன்னாங்க. ஆஸ்பத்திரியில நான் படுத்திருந்த விரிப்புல வேற யாரோட ரத்தமோ காஞ்சுபோய் இருந்துது. என் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம்தான் இந்தத் தொழிலையே ஆரம்பிச்சேன். உன் வயித்துக்கும் அந்த மாதிரி எதுவும் வந்துடக்கூடாதுன்னு..."

மருமகள் இதுவரை கேட்டறியாத கதை. கேட்டு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. நான் பொய் சொல்லமாட்டேன்.

"அதுக்காக? என்னையும் துணின்னு நெனச்சுட்டீங்களா, அத்தை?"

இறங்க வேண்டிய நிறுத்தம் வருமுன்பே மாமியார் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள்.

வீடு நிலையத்தின் பின்கட்டில்தான். உள்ளே நுழைந்ததும் மாமியார் நேரே குளியலறைக்குப் போனாள். ஜன்னல் விளிம்பில் அந்தப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் இருந்தது. இந்த நாள்வரை மருமகளின் சாமான் என்று அதை அவள் தொட்டதில்லை. எடுத்துக் கொட்டிவிடலாம் என்றுதான் மூடியைத் திருகினாள்.

திருகியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க வா" என்றாள். குரல் வேறாக இருந்தது. "மோந்து பாரு."

"எனக்கு ஒண்ணும் தெரியல. இங்க எல்லாமே இந்த வாசனைதானே?"

"எனக்குத் தெரியும். இது நான் வாங்கினது இல்ல. டிரம்முல இருக்கறது. ரத்தக்கறை விரிப்பை ஊறப்போடறது. அதைத் தொடணும்னா ஆளுங்களுக்கு ரப்பர் உறை மாட்டிவிடறேனே, அது." மாமியார் பாட்டிலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாட்டில் தீந்தப்போ இதையா ஊத்திக்கிட்ட?"

"நானா? அது தீரவே இல்லையே, அத்தை. குறையக் குறைய நெறஞ்சு இருக்கும். நீங்கதான் வாங்கி ஊத்தறீங்கன்னு நெனச்சேன்."

"நான் உன்கிட்ட குடுத்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் நீயே வாங்கிக்கறேன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில், ஒரு புனல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு என்ன தெரியும்? மனைவி வெட்கப்பட்டு அவனிடம் சொன்னதில்லை. அம்மாவும் மகனிடம் பேசுகிற பேச்சு இல்லை அது. குளியலறையில் இருக்கிற பாட்டில், தரை கழுவ வைத்திருப்பார்கள் என்று அந்த டிரம் மருந்தையே வாராவாரம் நிரப்பியிருக்கிறான். தளும்பத் தளும்ப.

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் பாட்டிலை வாளிக்குள் கவிழ்த்தாள். வாளி நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மெதுவாகச் சாக்கடையில் ஊற்றினாள். காலிப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் செருகினாள். அந்த வீட்டில் குப்பைக்குப் போன முதல் பாட்டில் அதுதான்.

"அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். "நான் சொல்லிக் குடுத்தேன், நான் வாங்கிக் குடுத்தேன். அதோட முடியட்டும். அவன் தாங்கமாட்டான், கண்ணு. என்னைத் திட்டினா நான் தாங்கிக்குவேன்."

"என்னை யாரு தாங்குவா, அத்தை?"



வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவன் வந்துவிட்டான். துண்டு தோளில், கண்ணில் ஒரு வெளிச்சம்.

"எந்தத் தேதி?"

மருமகள் எழுந்து வந்து சொன்னாள். அழற்சி என்றாள், மாத்திரை என்றாள், இந்த மாதம் இல்லை என்றாள். அவன் கண்ணில் இருந்தது அவள் பேசப்பேச அணைந்துகொண்டே வந்தது.

"எதனால இப்படி?"

"என்னாலதான்டா" என்று மாமியார் முந்திக்கொண்டாள். "மருந்துக்கடையில வாங்கி, உள்ள விட்டுக் கழுவச் சொன்னேன். சுத்தம்னு நெனச்சேன். அது தப்பாம்."

அவன் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. துண்டை எடுத்து நாற்காலியின் மேல் போட்டான்.

"ஏம்மா, அவ்வளவு படிச்ச டாக்டர் ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களை ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"தோணல."

"தோணாது. உனக்குத் தெரியாதது உலகத்துல ஏதாவது இருக்கா? ரெண்டு குழந்தைம்மா. ரெண்டு. இனிமே அவ விஷயத்துல நீ தலையிடாதே. அவ பக்கமே வராதே."

மாமியார் அதை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு முறை மட்டும் மருமகளைப் பார்த்தாள். மருமகள் வேறு பக்கம் பார்த்தாள். அந்த நிமிடம் அவள் பேசியிருக்கலாம். பேசவில்லை. மாமியாருக்கு இது வேண்டியதுதான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலுக்காக அவளை வெறுத்துவிடாதீர்கள்.

அவன் பாய்லருக்குத் திரும்பினான். மாமியார் நிலையத்துக்குப் போய், யாரும் சொல்லாமலே, திருப்பிப் போட்ட விரிப்புகளைத் தானே அலசினாள். மடிப்பு அக்கா இரண்டு முறை வந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "மூக்குக்கு ஜலதோஷம் போல" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். யாரும் சிரிக்கவில்லை.

மருமகள் அறையில் தனியாக இருந்தாள். காய்ச்சல் வராது, பெரிதாக வலிக்காது, இருப்பதே தெரியாது என்று டாக்டர் சொன்னது காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். தன் அம்மாவை வெறுத்துக்கொண்டே தூங்குவான். தான் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, புனலைப் பார்க்கும்போதெல்லாம் வாயைக் கடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நடுவில் அந்தக் கடைசிக் கருவைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

சாயங்காலம் வெயில் சாய்ந்தபோது முதல் மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தாள். தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்திருந்தாள்.

அன்றைக்கு வார விடுமுறைக்கு முந்தின நாள். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. அவனுக்கு மறக்கவில்லை. துக்கமோ கோபமோ, அவன் கைக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். சமையலறையில் நிரப்புகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்வாரத்தில். பிறகு குளியலறையில்.

குளியலறையில் சத்தம் வரவில்லை.

சிறிது நேரம் கழித்து அறை வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் கேன், மறு கையில் புனல். முகத்தில் வெறும் கேள்விதான், வேறு ஒன்றும் இல்லை.

"ஜன்னல்ல ஒரு பழுப்பு பாட்டில் இருக்குமே, எங்க? இந்த வாரம் தீந்திருக்கும்னு நெனச்சேன்."

அவன் தோளுக்குப் பின்னால் மாமியார் வந்துவிட்டாள். ஈரக்கையோடு ஓடிவந்திருந்தாள். "அது... நான்தான்டா... உடைஞ்சு போச்சுன்னு..."

"இருங்க அத்தை" என்றாள் மருமகள்.

மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கினாள். டம்ளரை வைத்தாள். கட்டிலில் தனக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தடவிக் காட்டினாள்.

"நீங்க வந்து உக்காருங்க. அத்தை, நீங்களும்தான். போகாதீங்க." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "முதல்ல அந்தப் புனலைக் கீழ வைங்க."

அவன் வைக்கவில்லை. மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு தன் கையில் இருந்த புனலைக் குனிந்து பார்த்தான்.

இன்றைக்கு இவ்வளவு போதும், கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அன்பாக நீளுகிற கை எதுவானாலும், நீளுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். வலிக்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும், கேட்கிறவர்கள் காதுகொடுத்துக் கேட்கட்டும். பிள்ளைக்குக் காத்திருக்கிற வீடு உங்களுடையதானால், உள்ளே கனல்வதெல்லாம் ஆறி, வரவேண்டியது வந்து வேர் பிடிக்கட்டும். வராவிட்டாலும் அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் தாங்க ஆள் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.